சும்மா பார்க்கத்தான்

அந்தக் கடிதத்தில் 'பொருள்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'நெய்தல் திணை – கள ஆய்வு – மாணவியரை அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.' இடம், இராமேசுவரம் கந்தமாதன பர்வதம். மாணவியர் 14 பேர். காலையில் போய் மாலையில் திரும்புவதாகத் திட்டம்.

தட்டச்சு செய்து எடுத்துவந்த மாணவி, கையெழுத்துக்காக நீட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றாள்.

"அம்மா, அங்க போய் நாம என்ன ஆய்வு செய்யப் போறோம்?"

"ஒண்ணுமில்ல. மேல ஏறி நின்னு கொஞ்ச நேரம் கடலப் பாத்துட்டு வரப் போறோம். சும்மா."

"அப்ப அதையே எழுதக் கூடாதா?"

நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அனுமதி வந்தது. போனோம், பார்த்தோம், திரும்பினோம். பத்துப் பக்கத்துக்கு ஓர் அறிக்கையும் எழுதிக் கோப்பில் வைத்தோம். அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் எந்தக் கோப்பிலும் அடங்காமல் என்னோடே இருந்துவிட்டது. ஒரு பெண் ஒரு மேட்டின்மீது ஏறி நின்று கடலைப் பார்ப்பதற்குக் காரணம் வேண்டுமா? வேண்டாம் என்று நம்புகிற நான், ஒரு காரணத்தைத் தயார் செய்து கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டது சரியா? இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

முதலில் அந்த 'மலை'யைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, பிரான்மலை சிவகங்கைக்குப் போனது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்து மேற்குமலைத் தொடர் விருதுநகருக்குப் போனது. எங்களுக்கு மிஞ்சியவை கடலும் கண்மாய்களும் பனையும் சீமைக்கருவேலமும். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய ஊர், மலையில்லாக் காடும் ஆனது.

அப்படிப்பட்ட சீமையில் ஒரு மணல்மேட்டுக்குப் 'பர்வதம்' என்று பெயர் இருப்பதில் வியப்பில்லை. இராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் அதுதான். இராமநாதசுவாமி கோயிலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். சாட்சி அனுமார் கோயிலைத் தாண்டிப் போனால், மேட்டின்மேல் ஒரு இரண்டடுக்கு மண்டபம் தெரியும். உள்ளே இராமர் பாதம். இலங்கை எங்கே இருக்கிறது என்று இங்கிருந்துதான் பார்த்தார்கள் என்பது ஐதீகம். பழனிக்காரரிடமோ கொடைக்கானல்காரரிடமோ காட்டி 'இது மலை' என்றால் சிரிப்பார்கள். ஆனால் மேல்தளத்தில் ஏறி நின்றால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு பக்கம் கோயில் கோபுரம், அதைவிடப் பல மடங்கு ஓங்கி 300 மீட்டருக்கும் மேல் நிற்கிற தொலைக்காட்சிக் கோபுரம், குடை விரித்ததுபோல் தலை பரப்பி நிற்கும் உடைமரங்கள், பனங்கூட்டம். வடக்கே பாக் விரிகுடா. தட்டையான ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தம் ஊரை ஒருமுறை மேலிருந்து பார்ப்பது சின்ன விஷயமில்லை. தினமும் நடக்கிற தெரு எவ்வளவு சின்னது, அதைச் சுற்றி இருப்பது எவ்வளவு பெரிது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தெரிதலைத்தான் நாம் பெண்களுக்கு அளந்து கொடுக்கிறோம்.

மாலையில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். பையன்கள் இரண்டு பைக்கில் நாலு பேராக வந்து இறங்குவார்கள். கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள், கைப்பேசியில் பாட்டு வைப்பார்கள், பேசாமலும் இருப்பார்கள். எதற்கு வந்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. பெண்கள் குடும்பத்தோடு வருவார்கள். பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து, இறங்கிவிடுவார்கள். பெண் அங்கே நிற்கக் கூடாது என்று எந்தப் பலகையும் கிடையாது. நிற்பதற்கான பழக்கம்தான் கிடையாது.

*

என் அம்மா அந்த மேட்டுக்கு எத்தனை முறை போயிருப்பார் என்று கணக்கு வைக்க முடியாது. இராமநாதபுரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. வெளியூரிலிருந்து எந்த உறவு வந்தாலும் இராமேசுவரம் கூட்டிப் போக வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தம், சாமி கும்பிடு, பிறகு இராமர் பாதம், பிறகு தனுஷ்கோடி. அம்மாவின் ஒரு கையில் ஈரத்துணிப் பை, மறு கையில் புளியோதரைத் தூக்கு, இடுப்பில் யாருடைய பிள்ளையோ. நாற்பது ஆண்டுகள் இப்படித்தான்.

அவருக்கு 70 வயதானபோது, ஒரு சனிக்கிழமை, இருவர் மட்டும் போகலாம் என்று கூப்பிட்டேன். "எதுக்குடி? யாரு வந்துருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். விருந்தாளி இல்லாமல் அங்கே போவது என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

மெதுவாக ஏறினோம். பாதத்தைக் கும்பிட்டார். "சரி, எறங்குவோம்" என்றார். உட்காருங்கள் என்றேன். காற்று நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கம் இம்புட்டுக் கடல் தெரியுமா! இத்தன தடவ வந்துருக்கேன், பாத்ததே இல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படியில் பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று கீழேயே பார்த்துப் பழகிய கண்கள் அவை. பிறகு விசைப்படகுகளை எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தப்பித் தப்பி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார்.

அப்போது அந்த வழியாகப் போன ஒருவர், நல்ல மனதோடுதான், கேட்டார். "யாருக்கும்மா காத்திருக்கீக?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிள்ளைக வருவாக" என்றார்.

எந்தப் பிள்ளைகளும் வருவதாக இல்லை. இரண்டு பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று அந்த மனிதர் நினைத்ததும் இயல்பு. அதை உடனே உண்மையாக்கிக் கொடுத்த அம்மாவும் இயல்பாகத்தான் செய்தார். பத்தாம் வகுப்பு தாண்டாத என் அம்மா சொன்ன பொய்யும், முனைவர் பட்டம் வாங்கிய நான் அலுவலகக் கடிதத்தில் எழுதிய பொய்யும் ஒரே பொய் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

*

நம் மொழியே இதில் சாட்சி சொல்கிறது. 'அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலை?' என்று கேட்கிறோம். ஓரிடத்தில் இருக்க வேண்டுமானால் அங்கே 'வேலை' இருக்க வேண்டும். 'சும்மா' என்ற சொல்லையும் பாருங்கள். எங்கள் இராமநாதபுரத்தில்தான் தாயுமானவர் அடங்கிய இடம் இருக்கிறது. சும்மா இருப்பதை மனிதன் அடையக்கூடிய பெரும் பேறாகப் பாடியவர் அவர். அந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டில், 'உங்க அம்மா என்ன செய்றாங்க?' என்று கேட்டால், 'வீட்ல சும்மாதான் இருக்காங்க' என்று பதில் வரும். விடியுமுன் எழுந்து இரவு கடைசியாகப் படுக்கிறவளின் உழைப்புக்குப் பெயர் 'சும்மா'. துறவிக்கு அது ஞானம், இவளுக்கு அது குறை. உண்மையிலேயே அவள் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டாலோ, அது குற்றம்.

திணை இலக்கணம் நடத்தும்போதும் இது எனக்கு இடறுகிறது. குறிஞ்சித் தலைவி மலைச்சாரலில் எதற்காக இருக்கிறாள்? தினைப்புனம் காக்க. பரண்மேல் நின்று கிளி ஓட்டுவது அவளுக்கு இடப்பட்ட வேலை. காதலும் சுனையாடலும் பூப்பறிப்பும் அந்த வேலையின் நிழலில்தான் நடக்கின்றன. நெய்தல் தலைவி மணற்கரையில் எதற்காக இருக்கிறாள்? காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்க. தினை அறுவடை முடிந்தால் காவலுக்குத் தேவையில்லை. தேவை இல்லாதபோது அவள் வீட்டுக்குள் போக வேண்டும். இற்செறிப்பு என்று அதற்கு ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறோம். தலைவன் மலைக்கு வர அவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அவன் வந்தான், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை எங்கள் வகுப்புகளில் நாங்கள் அழகு என்று மட்டுமே சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு காட்சி என்னை நிறுத்துகிறது. பறம்பு மலையின் பாரி இறந்த பிறகு அவன் மகளிரைப் பற்றிக் கபிலர் பாடியது, புறநானூற்றின் 116ஆம் பாட்டு. அந்தப் பெண்கள் குடிசை ஓரத்துக் குப்பைமேட்டில் ஏறி நின்று, உமணர்களின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு உயர்ந்த மலைமேலிருந்து, முற்றுகையிட வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். இன்று இந்த நிலை வந்ததே என்று கபிலர் நோகிறார். அவர் துயரம் உண்மையானது. ஆனால் ஒவ்வொரு முறை நடத்தும்போதும் எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. தந்தை போய், மலை போய், எல்லாம் போன பிறகும் அந்தப் பெண்கள் ஏற ஒரு மேட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உப்பு வண்டிகளை எண்ணச் சொல்லி யாரும் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. எண்ணி அவர்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவர்கள் பார்க்கிறார்கள். அவர்களுடையதாகச் சொல்லப்படும் ஐந்தடிப் பாட்டிலும் இழப்புகள் இரண்டு. தந்தை ஒன்று, தங்கள் குன்று இன்னொன்று. குன்றைத் தங்களுடையது என்று உரிமையோடு சொல்கிறார்கள். பறம்பு என்று நாம் இன்று காட்டுகிற பிரான்மலை, 1985 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த அதே மலைதான்.

கந்தமாதனத்தில் படகுகளை எண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

*

காரணத்தைக் கையோடு கொண்டுபோவது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. வர்ஜீனியா வுல்ஃப் லண்டன் தெருக்களில் குளிர்கால மாலையில் நடந்ததைப் பற்றி 1927-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டைவிட்டுக் கிளம்ப அவர் சொல்லிக்கொள்ளும் காரணம், ஒரு பென்சில் வாங்க வேண்டும். நடப்பதுதான் ஆசை, பென்சில் ஒரு சாக்கு. நம் காலத்தில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலை 2011-இல் கொண்டுவந்தார்கள். பொது இடத்தில் நிற்கும் பெண், தனக்கு அங்கே ஒரு நோக்கம் இருக்கிறது என்று ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. நோக்கமில்லாமல் சுற்றித் திரியும் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

சாக்குச் சொல்வதில் என்ன தவறு, யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். புத்திசாலிப் பெண் சண்டை போட மாட்டாள், வழி கண்டுபிடிப்பாள் என்று பெருமைகூடப் பட்டேன். ஆனால் சாக்கு எல்லோரிடமும் இருப்பதில்லை. அந்த 14 பேரில் ஒருத்தி தங்கச்சிமடத்து மீனவக் கிறித்தவக் குடும்பம், இன்னொருத்தி கீழக்கரை இசுலாமியக் குடும்பம். பாதம் கும்பிடப் போகிறேன் என்ற சாக்கு அவர்களுக்கு உதவாது. குழந்தையைக் கூட்டிப்போகிறேன் என்ற சாக்கு குழந்தை இல்லாதவளுக்கு உதவாது. கள ஆய்வு என்ற சாக்கு கல்லூரிக்கு வர முடியாமல் போனவளுக்கு உதவாது. வாசலில் கேட்கிற சுங்கத்தை நான் கட்டிவிட்டு உள்ளே போகும்போது, சுங்கம் கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டுதான் போகிறேன். கட்ட முடியாமல் எனக்குப் பின்னால் நிற்பவளுக்கு நான் செய்த தீங்கு அது.

பாதுகாப்பு என்ற பதில் உடனே வரும். ஊர் கெட்டுக் கிடக்கிறது, அக்கறையால்தான் கேட்கிறோம் என்பார்கள். அக்கறை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் கேட்பதால் எந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு வந்ததில்லை. ஏதாவது நடந்துவிட்டால்தான் அந்தக் கேள்வியின் உண்மையான பயன் தெரியும். 'அவளுக்கு அங்க என்ன வேலை?' என்று அதே கேள்வி தீர்ப்பாகத் திரும்பி வரும். தொந்தரவு செய்தவனின் காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். அக்கறை உள்ளவர்கள் படிக்கட்டில் ஒரு விளக்குப் போடலாம், கடைசிப் பேருந்தை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி விடலாம், ஒரு கழிப்பறை கட்டலாம். இவையெல்லாம் காரணம் கேட்காமல் செய்யக்கூடிய உதவிகள்.

*

இதையெல்லாம் ஒருநாள் வகுப்பில் பேசினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா கருவேலங்கட்டை வெட்டிக் கரிமூட்டம் போடும் இடத்தில் கூலி வேலை செய்பவர். "எங்க அம்மாவுக்கு மலையெல்லாம் வேணாம்மா. ஒரு நாள் மத்தியானம் படுத்துத் தூங்குனாப் போதும்" என்றாள்.

வகுப்பு அமைதியானது. நானும்தான். காட்சியை ரசிப்பது சம்பளம் வாங்குகிறவளின் ஆசையா? வெயிலில் கட்டை வெட்டுகிறவளிடம் போய்க் கடலைப் பார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசலாமா?

இதற்கு விடை தேடியபோது, இங்கிலாந்துத் தொழிலாளர்களின் ஒரு கதை உதவியது. அங்கே 'கன்ட்ரி பார்க்' என்று ஒன்று உண்டு. நகரத்தை ஒட்டியுள்ள குன்றையும் காட்டையும், பொதுமக்கள் வந்து காற்று வாங்கிவிட்டுப் போவதற்கென்றே ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஆனால் அந்த எண்ணத்தின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளர்கள் கின்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். நிலம், பறவை வேட்டையாடும் செல்வந்தர்களிடம் இருந்தது. ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1949-இல், தேசியப் பூங்காக்களுக்கும் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமைக்குமான சட்டம் வந்தது. வாரம் முழுக்க ஆலையில் உழைத்தவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை மலையில் நிற்க உரிமை கேட்டார்கள். ஓய்வு பணக்காரர்களின் சொத்து என்ற நினைப்பைத்தான் அவர்கள் உடைத்தார்கள். அந்த மாணவியின் அம்மா கேட்ட மதியத் தூக்கமும் நான் கேட்கிற மலையும் ஒன்றோடொன்று போட்டியிடுகிறவை அல்ல என்று அப்போது புரிந்தது. உழைப்புக்கு வெளியே தனக்கென்று ஒரு மணி நேரம் என்பதைத்தான் இருவரும் கேட்கிறோம். அதில் என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம்.

ஆனால் பூங்கா என்ற சொல்லுக்கு எங்கள் கடற்கரையில் வேறொரு கதையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறைகளையும் கடற்பசுவையும் காக்க அது தேவைதான். அதே தீவுகளைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூழ்கி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள் எங்கள் கரையோரப் பெண்கள். அவர்களில் பலருக்கு அம்மாவும் அம்மாச்சியும் செய்த தொழில். பூங்கா எல்லையில் கண்காணிப்பு இறுகியபோது அவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். பாம்பன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஒருமுறை சொன்னார்: "முன்னாடி பாசி எடுத்து முடிச்சுத் தீவு மணல்ல உக்காந்து சோறு திம்போம். யாரும் கூப்புட மாட்டாக. அந்த அர மணி நேரம் போனதுதான் பெருசாத் தெரியுது." பிழைப்பு போனதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருந்தேன். அதையும் பேசினார். ஆனால் கண் கலங்கியது அந்த அரை மணி நேரத்துக்கு.

அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது.

கந்தமாதனத்தில் நிற்கும் என்னிடம் 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறார்கள். தீவுக்கு அருகே நிற்கும் அவரிடம் வேலை இருக்கிறது, தலைமுறைகளாக இருக்கிறது. அது போதாது என்கிறார்கள். ஆக, காரணம் இருப்பதும் இல்லாததும் இங்கே பெரிய விஷயமே இல்லை. நம் காரணம் போதுமா போதாதா என்று தீர்மானிக்கிற இடத்தில் எப்போதும் வேறு யாரோ இருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

அப்படியானால் ஓரிடம் நம்மிடம் எதையும் கேட்கவே கூடாதா? கேட்கலாம். பாசிப் பெண்கள்தான் அந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காரணம் வேறு, பொறுப்பு வேறு. கடல் அவர்களிடம் காரணம் கேட்கவில்லை. இவ்வளவுதான் எடு, இந்த நாளில் எடு, பாறையை உடைக்காதே என்று பொறுப்பைக் கேட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழுக்கு இலக்கணம் தந்தவராக நாம் போற்றும் அகத்தியரின் பெயரால் வழங்கும் மலை, கேரள எல்லையில் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சிக்குச் செல்லும் பயணத்தில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் சொன்னது. 2019 சனவரியில் தன்யா சனல் ஏறினார். அந்த மலையைத் தங்கள் தெய்வத்தின் இடமாக வணங்கும் காணி பழங்குடியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். இந்த நிகழ்வை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. காணி மக்களின் வழிபாட்டிடத்துக்கு வெளியே நின்றுகொள்வது பொறுப்பு. அந்தப் பொறுப்பு ஏறுகிற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெண் என்பதற்காகப் பாதி வழியில் நிறுத்துவது வேறு. எல்லோரிடமும் ஒன்றுபோலக் கேட்கப்படுவதைப் பொறுப்பு என்கிறேன். சிலரிடம் மட்டும் கேட்கப்படுவதைத்தான் காரணம் என்கிறேன். கந்தமாதனத்தில் பிளாஸ்டிக் வீசாதே என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இருட்டுவதற்குள் இறங்கச் சொன்னால், அந்தப் பைக் பையன்களுக்கும் சொல்லுங்கள், நானும் இறங்கிவிடுகிறேன்.

*

இந்த ஆண்டு மறுபடியும் ஒரு கடிதம் எழுதினேன். பொருள்: 'கந்தமாதன பர்வதத்திலிருந்து கடலைப் பார்க்க – மாணவியரை அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.' ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியோடு அது என்னிடம் திரும்பி வந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அந்தக் கேள்விக்குறியைத்தான் போட்டிருப்பேன்.

'கள ஆய்வு' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் நாளைக்கே அனுமதி வரும் என்று எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். மாணவிகள் எதிரில் நின்றார்கள். கடிதத்தின் கீழே, 'மாணவியர் தங்கள் ஊரைத் தாங்களே பார்த்தறிவது கல்வியின் பகுதி என்று துறை கருதுகிறது' என்று ஒரு வரி சேர்த்து, பொருளில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் திருப்பி அனுப்பினேன். அந்த வரியும் ஒரு காரணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட எனக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் இந்த முறை நான் பொய் எழுதவில்லை.

இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில், பெற்றோர் ஒப்புதல் படிவங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. கடைசி வரிசை மாணவி நேற்று தன் படிவத்தைக் கொடுக்க வந்தாள். அம்மாவின் கையெழுத்து இருந்தது. கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"அங்க மேல நெழல் இருக்குமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

மண்டபத்துக்குள்ளே நிழல் இருக்கிறது, நல்ல காற்றும் வரும், வேண்டுமானால் சாய்ந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன்.